அகராதியைத் தின்றவர்

கொரியாவில், நோரியாங்ஜின் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே நான்கு மாடி உயரத்துக்கு பியோன் தேஹூனின் முகம் தொங்கும். வெறும் முகம் இல்லை. தடித்த ஆங்கில அகராதி ஒன்றை இரண்டு கையாலும் பிடித்து, அதன் ஓரத்தை ரொட்டியைப் போலக் கடித்துக்கொண்டிருக்கும் முகம். கீழே சிவப்பு எழுத்தில் ‘தின்றார், வென்றார், அடுத்து நீங்கள்’ என்று போட்டிருப்பார்கள். என்னத்தை வென்றார் என்று இருபத்தாறு வருஷத்தில் ஒருத்தரும் கேட்டதில்லை.

கேட்க அங்கே யாருக்கு நேரம்? அந்தத் தெருவில் இருக்கிறவர்கள் எல்லாம் அரசாங்க வேலைத் தேர்வுக்குப் படிக்கிறவர்கள். காலை நீட்டினால் சுவர் இடிக்கும் அறைகளில் வருஷக்கணக்காகத் தங்கி, விடிந்ததும் பயிற்சி நிலைய வாசலில் முன்வரிசை இருக்கைக்கு வரிசை பிடித்து, தள்ளுவண்டியில் ஒரு கோப்பைச் சோறு வாங்கி நின்றபடியே விழுங்கிவிட்டு ஓடுகிறவர்கள். கடைநிலைக் குமாஸ்தா வேலைக்குத்தான் இத்தனை பாடு. கிடைத்தால் வட்டார அலுவலகத்தில் உட்கார்ந்து குடியிருப்புச் சான்றிதழில் முத்திரை குத்தலாம். முத்திரை குத்துகிறவனுக்கு, ‘ஆப்ஸ்டீமியஸ்’ என்றால் தீனியில் அடக்கம் உள்ளவன் என்று எதற்குத் தெரிய வேண்டும் என்று கேட்கிறீர்களா? இப்படிக் கேட்கிறவர்கள் தேறுவதில்லை. நூறு பேர் முட்டி மோதி நான்கு பேர் நுழைகிற வாசலில், பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியாத ஒரு சொல் நமக்குத் தெரிய வேண்டும். அவ்வளவுதான் விஷயம். அப்படிப்பட்ட சொற்களைப் பன்னிரண்டாயிரம் வரைக்கும் வைத்திருந்தார் ஆங்கில ஆசிரியர் பியோன்.

ஒவ்வொரு பருவத்தின் முதல் வகுப்பிலும் அவர் சொற்களைத் தொடமாட்டார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, தன் கதையைச் சொல்வார். அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. குளிரில் மூச்சு புகையாக வரும் அறை. தினமும் விடியற்காலையில் எழுந்து அகராதியில் ஒரு தாளை மனப்பாடம் செய்வார். முன்னும் பின்னும் ஒரு சொல் விடாமல் ஒப்பித்து முடித்ததும் அந்தத் தாளைக் கிழித்து, மென்று, விழுங்கிவிடுவார். இனிமேல் திருப்பிப் பார்க்க வழி கிடையாது. பார்த்தால் வயிற்றுக்குள்தான் பார்க்க வேண்டும். இப்படியே முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை ஆயிரத்தறுநூறு பக்கம். இதைச் சொல்லிவிட்டு வயிற்றை ஒரு தட்டுத் தட்டுவார். முந்நூறு பேரும் நிமிர்ந்து உட்கார்வார்கள். ஆசிரியர் தினத்தன்று அவருடைய மேசையில் செரிமான மருந்துப் புட்டிகள் அடுக்கு அடுக்காக வந்து சேரும்.

உண்மை என்னவென்றால், பியோன் ஒரு தாளைக்கூடத் தின்றதில்லை.

தின்றவன் அவருடைய அறைத்தோழன் மன்சு. அகராதியும் அவனுடையதுதான், தையல் ஆலையில் வேலை பார்த்த அவனுடைய அக்கா வாங்கித் தந்தது. அவன் தின்றதைப் பியோன் கண்ணால் பார்த்திருக்கிறார். இரண்டு பேரும் தேர்வு எழுதினார்கள். மன்சு ஏழு தடவை எழுதி ஏழு தடவையும் தோற்றான். பியோன் இரண்டு தடவை எழுதி, ஆங்கிலத்தில் முழு மதிப்பெண்ணும் நிர்வாகச் சட்டத்தில் அரைகுறையும் வாங்கி, அவரும் தோற்றார். வேறு வழியில்லாமல் சொல் வகுப்பு எடுக்க வந்தார். முதல் பருவத்தில் வகுப்பே தூங்கி வழிந்தது. எழுப்பி உட்காரவைக்க, “எனக்கு ஒரு நண்பன் இருந்தான், அகராதியைத் தின்றான்” என்று சொல்லிப் பார்த்தார். இரண்டு பேர் கண்ணைத் திறந்து மறுபடி மூடிக்கொண்டார்கள். அடுத்த பருவத்தில் அதே கதையில் ‘நண்பன்’ என்பதை எடுத்துவிட்டு ‘நான்’ என்று போட்டார். வகுப்பு நிமிர்ந்தது. அன்று நிமிர்ந்ததுதான், அதற்குப் பிறகு அவரால் அதைக் கீழே இறக்கிவைக்க முடியவில்லை.

வீட்டில்கூட இறக்கிவைக்க முடியவில்லை, பாவம். மனைவி ஓக்ஹ்வா அந்தக் கதையை நம்பித்தான் அவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். ஆயிரத்தறுநூறு பக்கத்தைத் தாங்கிய வயிறு என்னத்துக்கு ஆகும் என்று பயந்து, கல்யாணமான மறுநாள் தொடங்கி இன்றுவரை காலையில் அரிசிக்கஞ்சியைத் தவிர வேறெதுவும் அவர் கண்ணில் காட்டியதில்லை. பொரித்த மீன் வாசனை அடுத்த வீட்டிலிருந்து வரும். இவர் கஞ்சியைக் குடிப்பார்.

இப்படியே ஓய்வு பெற்றிருக்கலாம். அதற்குள் தேர்வு நடத்துகிறவர்களுக்கு எங்கிருந்தோ புத்தி வந்துவிட்டது. முத்திரை குத்துகிறவனுக்கு அகராதி எதற்கு, மின்னஞ்சல் படிக்கத் தெரிந்தால் போதாதா என்று முடிவு செய்து, கடினமான சொற்களைக் குறைக்கப்போவதாக அறிவித்தார்கள். முந்நூறு பேர் இருந்த வகுப்பு ஒரே பருவத்தில் எழுபதுக்கு வந்தது. அடுத்த அறையில் ரா என்ற முப்பது வயது ஆசிரியன் தாளம் போட்டுப் பாட்டாக நடத்துகிற எளிய ஆங்கில வகுப்பில் இடம் கிடைக்காமல் பிள்ளைகள் நடைபாதையில் உட்கார்ந்தார்கள். அவன் போடும் தாளத்தில் பியோனின் கரும்பலகை அதிர்ந்தது.

பயிற்சி நிலையத்தின் தலைவி சா அம்மையார் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, குளிர்ந்த பார்லித் தண்ணீர் கொடுத்தார். தண்ணீர் கொடுத்தாலே ஏதோ கெட்ட செய்திதான். புதிய பருவத்துக்குப் பெயர் பதியும் சனிக்கிழமை, பெரிய அரங்கத்தில், இணையத்தில் நேரலையாக, பியோன் ஒரு தாளை ஒப்பித்துவிட்டுத் தின்று காட்ட வேண்டும். தந்திரம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக அகராதி கூட்டத்தில் இருப்பவருடையதாக இருக்கும். எந்தப் பக்கம் என்பதை நேரலை பார்க்கிறவர்கள் சொல்வார்கள். அன்றைக்கு ஐந்நூறு பேர் அவருடைய வகுப்பில் பெயர் கொடுத்தால் சரி. இல்லையென்றால் அந்த அறையும் ராவுக்கு.

பியோன் ரத்த அழுத்தம் என்றார், பல் கூச்சம் என்றார், டாக்டர் என்றார். அம்மையார் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டார்.

“ஆயிரத்தறுநூறு பக்கம் தின்னவருக்கு ஒரு தாள் பெரிய விஷயமா சார்? எச்சில் முழுங்குற நேரத்துல முடிஞ்சிடும்.”

ஐம்பத்தேழு வயதில் வேறு என்ன வேலை தெரியும் அவருக்கு? சரி என்று சொல்லிவிட்டு வந்தார்.

அன்று மாலை குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, ஒரு பழைய அகராதியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து வாயில் போட்டார். இருபத்தாறு வருஷமாக மெல்லுவதை நடித்துக் காட்டியவர், மென்றார். தாள் மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது. நாக்கால் தள்ளினால் பல்லிடுக்கில் புகுந்தது. மை கசந்தது. ஒருவழியாகத் தொண்டைவரை தள்ளிவிட்டார்; தொண்டை அதைத் திருப்பி அனுப்பியது. குமட்டலில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெளியே ஓக்ஹ்வா கதவைத் தட்டி, பழைய வயிற்றுக் கோளாறா என்று கவலையோடு கேட்டாள். ஆமாம் என்றார். மறுநாள் கஞ்சி இன்னும் நீர்த்து வந்தது.

மூன்று நாள் இப்படியே போயிற்று. நான்காம் நாள், சொல்லவே வெட்கம்தான், மனிதர் மன்சுவைத் தேடிக்கொண்டு கிளம்பினார்.

தேடுவதற்கு ஒன்றுமில்லை. தேர்வுத் தெருவுக்கும் மீன் சந்தைக்கும் நடுவில் ரயில் பாதைதான் இருக்கிறது. மன்சு அந்தப் பக்கம் நண்டு விற்கிறான் என்று பதினைந்து வருஷத்துக்கு முன்பே பியோன் காதில் விழுந்திருந்தது. அன்றிலிருந்து அவர் சந்தைப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. யாராவது கூப்பிட்டால் மீன் வாடை ஆகாது என்பார். மத்தியானம் மூன்று மணிக்கு, ஏலமெல்லாம் முடிந்து சந்தை ஓய்ந்திருந்த நேரத்தில், முகக்கவசமும் தொப்பியும் மாட்டிக்கொண்டு உள்ளே போனார்.

மன்சு ரப்பர் காலணியோடு நண்டுத் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். தலை நரைத்து, தோள் அகன்று, நன்றாகவே இருந்தான். முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த கண்ணை ஒரு தடவை பார்த்தான்.

“வாடா அகராதி” என்றான். “கவசத்தை எடு. உன் மூஞ்சி ஒட்டின பஸ்ஸு தினம் மூணேகாலுக்கு என் கடை வழியாத்தான் போவுது. எனக்குத் தெரியாததா.”

பியோன் மன்னிப்புக் கேட்பதற்காக ஏழெட்டு வாக்கியம் தயார் செய்துகொண்டு வந்திருந்தார். அதையெல்லாம் விட்டுவிட்டார். நேரே விஷயத்துக்கு வந்து, சனிக்கிழமை ஒரு தாள் தின்றாக வேண்டும், இறங்கமாட்டேன் என்கிறது, எப்படி முழுங்கினாய் என்று கேட்டார். மன்சு சிரிக்க ஆரம்பித்தான். தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பக்கத்துக் கடைக்காரி எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்து ஓய்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டு கிண்ணத்தில் நண்டுச் சாறு ஊற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

“உண்மையச் சொல்லவா? நீ சொல்ற கதையில ஒரு தப்பு இருக்குடா. மனப்பாடம் ஆனதும் தின்னேன்னு சொல்ற பாரு, அது தப்பு. மனப்பாடம் ஆன பக்கத்தை எவனாவது திம்பானா? அதுதானே என் கையில இருந்த ஒரே சொத்து. ஏறாத பக்கத்தைத்தான் தின்னேன். எத்தன தடவ படிச்சாலும் மறுநா காலையில புதுசா முழிச்சுப் பாக்கும் பாரு, அதை. ஆத்திரம்டா. கண்ணுல படாம ஒழியட்டும்னு தின்னேன்.”

பியோன் கிண்ணத்தைக் கீழே வைத்தார். அப்படியானால் எவ்வளவு தின்றாய் என்று கேட்டார். கிட்டத்தட்ட முழுசும் என்றான் மன்சு, சாதாரணமாக.

“தின்ன பக்கத்துலேர்ந்துதான் கேள்வி வரும், அது வேற விஷயம். ஆனா ஒண்ணு. நான் எந்தப் பக்கத்தை எப்பத் திம்பேன்னு தெரியாம, அதுக்கு முன்னாடி படிச்சுடணும்னு நீ இருட்டோட எழுந்து உக்காந்து படிப்ப. ஞாபகம் இருக்கா? உனக்கு ஏறின இங்கிலீஷ் பூரா எம் பல்லுக்குப் பயந்து ஏறினதுதான்.”

ஞாபகம் இருந்தது. இத்தனை வருஷமாக அதை ஞாபகத்தின் எந்த மூலையில் போட்டு வைத்திருந்தாரோ, இப்போது நேற்று நடந்ததுபோல் வந்து நின்றது. இத்தனை வருஷம் ஏன் யாரிடமும் சொல்லவில்லை, என்மேல் கோபம் இல்லையா என்று கேட்டார்.

“நான் சொன்னா யாருடா கேப்பா? அகராதியத் தின்னுட்டு ஏழு தடவ தோத்தேன்னு சொன்னா, ஆஸ்பத்திரிக்குப் போன்னு சொல்லுவாங்க. நீ சொன்னா விளம்பரம். நான் சொன்னா வியாதி.” சாற்றை உறிஞ்சி முடித்தான். “கோபமெல்லாம் இருந்துச்சு. நண்டு விக்க ஆரம்பிச்சு நாலு காசு பாத்ததும் போயிடுச்சு. இப்ப பஸ்ஸு வந்தா சிரிப்புதான் வருது.”

பிறகு வழியைச் சொல்லிக்கொடுத்தான். மெல்லவே கூடாது, மென்றால் களி ஆகிவிடும். தாளை விரல்நகம் அளவுக்குக் கிழிக்க வேண்டும். ஒவ்வொன்றையும் எச்சிலில் நனைத்து உருட்டி, மாத்திரை போல் அடிநாக்குக்குத் தள்ளி, வெந்நீரைக் குடித்துவிட வேண்டும். பச்சைத் தண்ணீர் ஆகவே ஆகாது. போகும்போது நான்கு நண்டைக் கட்டிக்கொடுத்தான். பியோன் அதை வீட்டுக்குக் கொண்டுபோகப் பயந்து, ரயிலடியில் ஒரு காவலாளிக்குக் கொடுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமைக்குள் ஒரு முழுத் தாள் சத்தமில்லாமல் உள்ளே போயிற்று. பியோனுக்கு அப்படி ஒரு நிம்மதி. ஒரு தாளாவது தின்றுவிட்டோம், இனிமேல் கதையில் ஒரு தாள் அளவாவது உண்மை இருக்கிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். மனிதன் எதில்தான் ஆறுதல் தேடமாட்டான்?

சனிக்கிழமை மத்தியானம் அரங்கம் நிரம்பிவிட்டது. அறுநூறு இருக்கை போதாமல் படிக்கட்டிலும் உட்கார்ந்திருந்தார்கள். சா அம்மையார் புதுக் கோட்டு போட்டுக்கொண்டு ஒலிவாங்கியோடு மேடையில் இருந்தார். மேசைமேல் வெண்ணிற விரிப்பு, பீங்கான் தட்டு, கத்தி, முள்கரண்டி, ஒரு குடுவை வெந்நீர். வெந்நீரைப் பியோன்தான் கேட்டு வாங்கியிருந்தார். அனுமதிச் சீட்டு எண்களைப் போட்டுக் குலுக்கி ஒன்றை எடுத்தார்கள். இருநூற்றுப் பதினேழு.

எழுந்து வந்தவள் போரம் என்ற முப்பத்தொரு வயதுப் பெண். ஆறாவது வருஷமாகத் தேர்வு எழுதுகிறாளாம். சாம்பல் நிற விளையாட்டு உடை, காலில் செருப்பு, மெலிந்த முகம். இரண்டு கையாலும் தன் அகராதியைப் பியோனிடம் நீட்டிக் குனிந்து வணங்கினாள். வாங்கியபோதே அவருக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. அட்டை தடித்த அட்டைதான். ஆனால் கையில் கனமே இல்லை.

நேரலையில் அதிகம் பேர் கேட்ட பக்கம் தொள்ளாயிரத்து மூன்று. பியோன் புரட்டினார். எண்ணூறுகளின் நடுவிலிருந்து ஒரே தாவலில் ஆயிரத்துக்குப் போய்விட்டது. மறுபடி புரட்டினார். தொள்ளாயிரத்தில் ஒரு தாளும் இல்லை. அம்மையார் சிரிப்பை விடாமல், அடுத்த எண் நானூற்றுப் பன்னிரண்டு என்றார். அதுவும் இல்லை. போரம் ஒலிவாங்கியின் பக்கம் கொஞ்சம் குனிந்தாள்.

“அதெல்லாம் தின்னாச்சு சார்.”

அரங்கம் கூரை பிளக்கக் கை தட்டியது. அம்மையாருக்கு முகம் ஜொலித்தது. இப்படி ஒரு ஆள் குலுக்கலில் வந்து விழும் என்று அவரே கனவு கண்டிருக்கமாட்டார். எண்ணெல்லாம் வேண்டாம், இருப்பதில் ஒன்றை எடுங்கள் சார் என்று கையை வீசினார். பியோன் விரலுக்கு அகப்பட்ட இடத்தில் பிரித்தார். எழுநூற்று நாற்பத்தொன்று. அந்தத் தாளைக் கிழித்து அம்மையார் கையில் கொடுத்துவிட்டு, கண்ணை மூடி ஒப்பிக்கத் தொடங்கினார்.

“லக்கடெய்ஸிக்கல், எதிலும் ஊக்கம் இல்லாத. லாக்கி, எசமானுக்குப் பின்னால் திரிகிற எடுபிடி. லகானிக், சுருங்கப் பேசுகிற...”

இதுதான் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடாயிற்றே. பாதி தாண்டியதும் கண்ணைத் திறந்தார். போரம் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய உதடும் கூடவே அசைந்துகொண்டிருந்தது. அவர் ஒரு சொல்லை முடிப்பதற்குள் அவள் அடுத்த சொல்லுக்குப் போய்விட்டிருந்தாள். வேண்டுமென்றே ஒரு இடத்தில் நிறுத்தினார். அவள் நிறுத்தவில்லை, சத்தமில்லாமல் தாளின் கடைசிவரை போய்த்தான் நின்றாள்.

மிச்சத்தையும் ஒப்பித்து முடித்ததும் எழுந்த கைதட்டல் அடங்குவதற்குள் ஒலிவாங்கியைக் கீழே தாழ்த்திக்கொண்டு, தின்றதெல்லாம் இதே மாதிரி தெரியுமா என்று மெதுவாகக் கேட்டார். அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள்.

“இருக்கறது மட்டுந்தான் சார் தெரியும். ஏறாததைத்தான் தின்னேன். மண்டையில ஏறலைன்னா வயித்துக்குள்ளயாவது போய் இருக்கட்டும்னு.”

மன்சு ஒருவன் போதாதா? தாள் மேசைக்கு வந்துவிட்டது. பீங்கான் தட்டில் வைத்து அம்மையார் நகர்த்தினார். விரல்நகம் அளவுக்குக் கிழித்து, உருட்டி, வெந்நீரைக் குடித்தால் முடிந்தது. ஐந்நூறு பேரும் வந்துவிடுவார்கள். வழி தெரியும், வயிறும் தயார். ஆனால் தட்டில் இருந்தது அந்தப் பெண்ணுக்குத் தெரிந்த தாள். ஆறு வருஷம் படித்து அவள் மிச்சம் வைத்திருந்ததில் ஒன்று. அதையும் இவர் தின்ன வேண்டுமாம்.

தட்டைத் தள்ளிவைத்தார். தாளை எடுத்து நீவி, அகராதிக்குள் செருகி அவள் கையில் கொடுத்தார். ஒலிவாங்கியை எடுத்தார்.

“இதை நான் தின்னமாட்டேன்” என்றார். “நான் எதையுமே தின்னதில்லை. அகராதியத் தின்னது என் அறையில இருந்த நண்பன். அவனும் ஏறாததைத்தான் தின்னான். ஏழு தடவை தோத்துப்போனான். நான் அவன் கதையத் திருடி இருபத்தாறு வருஷமா உங்களுக்கு வித்துக்கிட்டு இருக்கேன். யாரும் எதையும் தின்னாதீங்க. வீட்டுக்குப் போங்க.”

சொல்லி முடித்ததும் உடம்பு லேசாகிவிட்டது. வேலை போனது போனதுதான்; ஓக்ஹ்வாவிடம் இன்று மாலையே சொல்லிவிட வேண்டும் என்று முடிவுகூடச் செய்துவிட்டார். தலையைக் குனிந்துகொண்டு, ஏச்சு வரட்டும் என்று காத்து நின்றார்.

ஏச்சு வரவில்லை. முதலில் மூன்றாம் வரிசையில் ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். பிறகு பின்னாலிருந்து ஒரு கைதட்டல். அப்புறம் மொத்த அரங்கமும் எழுந்து நின்றது. நண்பன் கதை என்று எவன் சொன்னாலும் அது அவனுடைய சொந்தக் கதைதான் என்பது கொரியாவில் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஏழு தடவை தோற்றாராம், இத்தனை நாள் வெளியே சொல்லாமல் மனசுக்குள் வைத்திருந்தாராம், ஒரு மாணவியின் தாளைத் தின்ன மனம் வராமல் தன் பெருமையையே வேண்டாம் என்று தள்ளிவிட்டாராம். நேரலையில் ‘மனிதர்’ என்று ஒற்றைச் சொல்லாக ஆயிரக்கணக்கில் எழுதித் தள்ளினார்கள். இல்லை, நிஜமாகவே நண்பன், மீன் சந்தையில் நண்டு விற்கிறான், போய்க் கேட்டுப் பாருங்கள் என்று பியோன் கத்தினார். சிரித்துச் சிரித்து அழுதார்கள். சா அம்மையார் ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நிஜமான கண்ணீரோடு, இதை முன்கூட்டியே எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இசை போட்டிருப்பேனே சார் என்றார். அரைமணி நேரத்தில் எழுநூற்று நாற்பது பேர் பெயர் கொடுத்தார்கள். மூன்று நாளில் இரண்டாவது வகுப்பும் திறக்க வேண்டியிருக்கும் என்று பேசிக்கொண்டார்கள்.

பியோன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போரமைத் தேடினார். ஒருத்தியாவது நம்ப வேண்டும். மற்றவர்கள் எக்கேடாவது கெடட்டும், இவள் நம்பியாக வேண்டும். பெயர் பதிகிற வரிசையின் நடுவில், அகராதியை மார்போடு அணைத்தபடி நின்றுகொண்டிருந்தாள். கைதட்டவில்லை, அழவில்லை. முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. இவரைப் பார்த்ததும் வணங்கக்கூட மறந்துவிட்டாள்.

“நீங்க மேடையில சொன்னது நிஜமா சார்?”

ஆமாம்மா என்று சொல்ல வாயெடுத்தார். அவள் விடவில்லை. குரலை ஏற்றாமல், பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னாள். “எல்லாரும் அடக்கமாப் பேசுறீங்கன்னு சொல்றாங்க. எனக்கு அப்படிப் படலை. தின்ன கதையைச் சொல்லும்போதெல்லாம் நீங்க வயித்தைத் தட்டுவீங்க. இன்னிக்குத் தட்டல. சார், ஒன்றரை வருஷமா ஆயிரத்து நூத்து எண்பத்துநாலு பக்கம் தின்னுருக்கேன். போன மாசம் ஆஸ்பத்திரியில கிடந்தேன். அம்மாகிட்டகூடச் சொல்லல, நீங்க தின்னீங்களே, நீங்க தாண்டி வந்தீங்களேன்னு நெனச்சுக்கிட்டே படுத்திருந்தேன். நீங்க தின்னலைன்னா, நான் பண்ணினது என்ன சார்?”

அறுநூறு பேரில் ஒரே ஒருத்தி நம்பிவிட்டாள். அவள் நிற்கிற நிலையைப் பார்த்தால், இன்னும் ஒரு வார்த்தை உண்மை சொன்னால் அங்கேயே மடிந்து விழுந்துவிடுவாள் போலிருந்தது. மன்சுவுக்கு நண்டு இருந்தது. இவளுக்கு என்ன இருக்கிறது?

கை தானாகப் போய் வயிற்றைத் தட்டியது.

“தின்னேம்மா” என்றார். “தின்னாம எப்படி? கூட்டத்துல பெருமை பேசக் கூடாதுன்னு அப்படிச் சொல்லிட்டேன்.”

அவள் முகத்தில் மெல்ல ரத்தம் திரும்பியது. மூச்சை விட்டாள். எல்லாவற்றையும் தின்றீர்களா என்று கேட்டாள். பியோன் அவளுடைய அகராதியைப் பார்த்தார். ஒரு விரல் தடிமனுக்குத்தான் மிச்சம் இருந்தது. அதையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று பட்டது அவருக்கு.

“இல்ல, எல்லாத்தையும் இல்ல. அதுதான் நான் யாருக்கும் சொல்லாத ரகசியம். நானும் ஆயிரத்து நூத்து எண்பத்துநாலு பக்கத்தோட நிறுத்திட்டேன். அதுக்கு மேல ஒரு துண்டு தின்னல. நிறுத்தின மறுநாளே ஏற ஆரம்பிச்சுடுச்சு. நீயும் இன்னியோட நிறுத்திடு. இனிமே ஒழுங்கா சோறு தின்னு. ஏறும்.”

போரம் இடுப்பு மடியக் குனிந்து வணங்கினாள். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்தாள். அவர் இத்தனை வருஷத்தில் சொன்ன பொய்களிலேயே உருப்படியான பொய் இதுதான் என்று பியோனுக்குத் தோன்றியது. மனசு நிறைந்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

போரமுக்குப் பின்னால் நின்ற பையன் காதைத் தீட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டிருந்தான். ‘ஆயிரத்து நூற்று எண்பத்துநான்கு’ என்று உள்ளங்கையில் எழுதிக்கொண்டு, பின்னால் இருந்தவனுக்குக் காட்டினான். அவன் தனக்குப் பின்னால் இருந்தவளுக்குச் சொன்னான். பியோன் திரும்பிப் பார்த்தபோது, வரிசையின் கடைசிவரைக்கும் அவரவர் பையிலிருந்து அகராதியை எடுத்து, தின்று நிறுத்த வேண்டிய அந்தப் பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.